யாரும் சாப்பிடாத பன்னிரண்டு தட்டுகள்

பாத்திரம் கழுவும் மெஷின் லாபமா, கையால் கழுவுவது லாபமா என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. அதைப் பற்றி வெளிவந்த ஒரு அறிக்கையை எழுதியவன் நான் என்று யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள். மெஷினை நிறைய அடுக்கி ஓட்டினால் மெஷின் லாபம், பாதி காலியாக ஓட்டினால் நஷ்டம், குழாயைத் திறந்து போட்டுக்கொண்டு கையால் கழுவினால் அதைவிட நஷ்டம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். கையால் கழுவியவர்களில் மிகக் குறைந்த தண்ணீர் செலவழித்தவரின் கணக்கும் அந்த அறிக்கையில் இருக்கிறது. முப்பத்து மூன்று லிட்டர். அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

நுகர்வோர் சங்கம் ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர் வேலை பார்த்தோம். மேலாளர், நான், அக்கா. என்னைவிட இருபது வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அக்கா. மாடியில் இருந்த மற்ற பிரிவுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் கறையம்மா. வம்புக்கு வைத்த பெயர்தான், ஆனால் பொய் கிடையாது. தட்டுகளைக் கறையாக்குவதுதான் அவருடைய உத்தியோகம்.

மெஷினைச் சோதிக்க வேண்டுமென்றால் அழுக்குத் தட்டு வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுக்கு, ஒரே விதமாகக் காய்ந்த அழுக்கு. வீட்டு எச்சில் தட்டை நம்பி அறிக்கை எழுத முடியாது. ஆகவே தினமும் காலையில் அக்கா பன்னிரண்டு பேருக்கான தட்டு, கிண்ணம், டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் நீள மேஜையில் பரப்புவார். முட்டை மஞ்சள் கருவைத் தராசில் நிறுத்துத் தூரிகையால் பூசுவார். மசித்த கீரை, கஞ்சி, பால், டீ எல்லாம் அப்படியே. பிறகு ஓவனில் இரண்டு மணி நேரம் காய வைப்பார். உதட்டுச் சாயம் ஒட்டிய டம்ளரும் வேண்டும் என்று மேலாளர் ஒருமுறை கட்டளை போட்டார். வாழ்நாளில் ஒருநாளும் உதட்டுச் சாயம் போடாத அக்கா, மாதம் ஒரு குச்சியைக் கண்ணாடி டம்ளருக்குப் போட்டுத் தீர்த்தார்.

பார்ப்பவர்களுக்குப் பெரிய விருந்து ஒன்று அப்போதுதான் முடிந்த மாதிரி இருக்கும். சாப்பிட்டவர் ஒருவரும் இல்லை.

ஒருமுறை கூடத்துச் சாவியை வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. அம்மாவோடு இருந்தவர், அம்மா போனபிறகு தனியாக இருந்தார். கல்யாணம் ஏனோ கூடி வரவில்லை, நானும் கேட்டதில்லை. சிங்க் ஓரத்தில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி கவிழ்த்து வைத்திருந்தது. என் கண் அங்கே போனதைப் பார்த்துவிட்டார்.

"நம்ம மெஷின்ல ஒண்ணு என் வீட்டுக்கு வந்தா, அது ரொம்பறதுக்குப் பத்து நாள் காத்துக் கிடக்கணும் தம்பி. அதுக்குள்ள நாத்தம் எடுத்துடும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

மெஷின்களைச் சோதித்து முடித்ததும், கையால் கழுவுவதைச் சோதிக்க ஆட்களை வரவழைத்தோம். அறுபது பேர். தெருவில் நோட்டீஸ் ஒட்டிப் பிடித்த சாதாரண மனிதர்கள். ஆளுக்கு ஒரு நாள். அக்கா கறையாக்கிய அந்தப் பன்னிரண்டு பேர் பாத்திரத்தை அவரவர் வீட்டில் கழுவுகிற மாதிரியே கழுவ வேண்டும். குழாயில் மீட்டர் இருக்கும். பின்னால் ஒரு நாற்காலியில் அக்கா உட்கார்ந்து, நிமிடத்துக்கு நிமிடம் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். விதி ஒன்றே ஒன்றுதான். பேசக்கூடாது. கழுவுகிறவர் வாயைத் திறந்தாலும் சரி, பார்ப்பவர் திறந்தாலும் சரி, பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் அன்றைய சோதனை செல்லாது. அதே ஆளை இன்னொரு நாள் கூப்பிட்டு, பார்ப்பவரை மாற்றி, முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வந்தவர்கள் இருக்கிறார்களே! வீட்டில் தினமும் நான்தான் கழுவுவேன் என்று பெருமையடித்துக்கொண்ட ஒருவர் ஸ்கிரப்பரைத் தலைகீழாகப் பிடித்தார். ஒரு பேராசிரியை ஒவ்வொரு கரண்டியையும் மூன்று நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டினார், ஏதோ தேர்வுத்தாள் திருத்துகிற கவனத்தோடு. ஒரு தொட்டியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர் என்று நிரப்பிக்கொண்டு கழுவியவர்கள் கொஞ்சம் பேர்தான். தண்ணீர்க் கணக்கில் அவர்கள்தான் மெஷினுக்குப் பக்கத்தில் வந்தார்கள்.

நாற்பத்தோராவது ஆளாக வந்தவர் ஒரு லிப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிப்ட்டைச் சரிசெய்ய வந்த இடத்தில் நோட்டீஸைப் பார்த்துப் பெயர் கொடுத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். அன்று நான் தாழ்வாரத்தின் கடைசியில் மெஷின்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தால் இருநூற்றுப் பத்தொன்பது லிட்டர். அறுபது பேரில் யாரும் அந்தப் பக்கமே போனதில்லை. மெக்கானிக் கிளம்பிப் போயிருந்தார். அக்கா பதிவேட்டை என்னிடம் நீட்டினார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

அக்கா தன் கையால் எழுதிய அந்தப் பதிவேட்டுப் பக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம். ஒன்பதாவது நிமிடம், இவ்வளவு பேர் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே, ஒருவர்கூட நின்று உதவவில்லையா என்று கழுவுகிறவர் கேட்டார், குழாய் திறந்திருந்தது. பதினோராவது நிமிடம், யாரும் சாப்பிடவில்லை, நான்தான் பூசினேன் என்று பதில் சொன்னேன், குழாய் திறந்திருந்தது. இருபதாவது நிமிடம், தன் வீட்டிலும் ஒரே தட்டுதான் என்றார். இருபத்து மூன்றாவது நிமிடம், அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்படியே ஒன்றே முக்கால் மணி நேரம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எத்தனை லிட்டர் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

மறைத்திருக்கலாம். வெறுமனே எண்ணை மட்டும் எழுதியிருந்தால் ஊதாரி ஒருவன் வந்து போனான் என்று நினைத்திருப்போம். அக்காவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

மேலாளர் தாம் தூம் என்று குதித்தார். எழுத்து மூலமாக ஒரு கண்டிப்புக் கடிதம் கொடுத்தார். அக்கா நின்றபடியே வாங்கிப் படித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், விதிப்படி அவரை மறுபடி கூப்பிடணும்."

அக்கா தானாக ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுசோதனை நாளன்று அக்கா காதில் புதுத் தோடு. வழக்கமாக ஒரு சாப்பாட்டு டப்பா கொண்டுவருகிறவர் இரண்டு கொண்டுவந்திருந்தார். அவர் தட்டுகளுக்குப் பூசுகிற கறை அறையின் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்ததை நான் பார்த்தேன். யாருக்கு என்று கேட்கிற அளவுக்கு நான் மடையனில்லை. கழுவி முடித்து மெக்கானிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் விதியெல்லாம் தீர்ந்தது, அதற்கப்புறம் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டால் யாருக்கென்ன?

அன்று நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அக்கா பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், கறை அறையில் இருந்தார். மெக்கானிக் துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நாற்காலியில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. இரண்டு தொட்டியையும் நிரப்பிக்கொண்டு கழுவத் தொடங்கினார். கை என்றால் அதுதான் கை. ஒரு சொட்டு வீணாகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பாமலே கேட்டார்:

"அந்தம்மா இன்னைக்கு வரலீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. விதி. டம்ளர்களை முடித்துக் கரண்டிகளுக்குப் போனபோது மறுபடியும் கேட்டார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா அவங்களுக்கு?"

அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. பதிவேட்டிலும் எழுதவில்லை. எழுதினால் சோதனை செல்லாது. அறிக்கை அச்சுக்குப் போக நாலே நாள் இருந்தது, மேலாளர் என் கழுத்தில் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் கழுவி முடித்தபோது மீட்டர் முப்பத்து மூன்றில் நின்றது. மேலாளர் அதே நேரம் உள்ளே வந்தார், எண்ணைப் பார்த்துப் பூரித்துப் போனார், மெக்கானிக்கின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கி, பேசிக்கொண்டே வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை. "அவங்க பக்கத்து ரூம்லதான் இருக்காங்க." அவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. மெக்கானிக் வாசலில் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்தார்.

"போயிட்டாரா?"

"போயிட்டாருக்கா."

"ஏதாவது கேட்டாரா தம்பி?"

கேட்டார் என்று சொன்னால் உடனே எழுதச் சொல்வார். தன்னைப் பற்றிய பேச்சு என்றாலும் எழுதச் சொல்வார், அவர் அப்படி. முப்பத்து மூன்று போய்விடும், நாலு நாளும் போய்விடும்.

"ஒண்ணும் கேக்கலைக்கா" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு உள்ளே போய் இரண்டாவது டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "நீங்க சாப்பிடுங்க. வீணாப் போயிடும்." நான் சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் முழுக்கச் சாப்பிட்டேன். இரண்டு டப்பாவையும் அவரே வாங்கிக் கழுவி வைத்தார்.

அறிக்கை வந்தது, நல்ல பெயர் கிடைத்தது, எனக்குச் சம்பளம் உயர்ந்தது. அந்த வருடமே லிப்ட் பராமரிப்பு வேறு கம்பெனிக்குப் போனதால் மெக்கானிக் அந்தப் பக்கம் வரவில்லை. அவர் முகவரி எழுதிய படிவம் அக்கா பூட்டிச் சாவி வைத்திருந்த அலமாரியில்தான் இருந்தது. சோதனைக்கு வந்தவர்களின் முகவரியை எடுத்துப் பார்க்கக்கூடாது என்பதும் விதி. அக்கா எடுத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஆறு வருடம் கழித்து அக்கா ஓய்வு பெற்றார். கடைசி நாள் சாயங்காலம், மற்றவர்கள் கேக் வெட்டிவிட்டுப் போனபிறகு, கறை அறையில் அவர் தூரிகைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். இதற்குமேல் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அன்றைக்கு அந்த மெக்கானிக் உங்களைக் கேட்டார், நான்தான் பதில் சொல்லவில்லை, உங்களிடமும் மறைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டு தடவை கேட்டாரா?" என்றார்.

"ஆமாக்கா."

"ரெண்டாவது தடவை, உடம்பு சரியில்லையான்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு... கேட்டுச்சாக்கா?"

"இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம்தானே நின்னேன்." தூரிகையைக் கீழே வைத்தார். "கதவுல கைகூட வெச்சுட்டேன். சோதனை கெட்டுடும், முடியட்டும்னு நின்னுட்டேன். அப்புறம் உங்ககிட்ட கேட்டா, ஒண்ணும் கேக்கலைன்னுட்டீங்க. நீங்க ஏன் பொய் சொல்லப் போறீங்க? அப்ப எனக்குத்தான் இல்லாத குரல் கேட்டிருக்குன்னு நினைச்சேன். தனியா இருந்து இருந்து புத்தி பிசக ஆரம்பிச்சுடுச்சுன்னு நினைச்சேன் தம்பி. டாக்டர்கிட்டகூடப் போனேன்."

எனக்கு அழுகை வந்தது, அழவும் யோக்கியதை இல்லை.

"அதுலேர்ந்து யாராவது என்னைக் கூப்பிட்டா, உடனே திரும்ப மாட்டேன்" என்றார் அக்கா. "நிஜமாவே கூப்பிடறாங்களான்னு கொஞ்ச நேரம் நின்னு பார்ப்பேன். பாதிப் பேர் அதுக்குள்ள போயிடறாங்க."