சும்மா கூடிய கூட்டம்

என் வீட்டுக்காரர் தன் வாழ்க்கையைத் தானே சினிமாவாக எடுத்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியபோது எனக்கு ஒரு சேலைகூட வாங்கி வரவில்லை. கைக்கு அடக்கமாக ஒரு சினிமா கேமராவும், ஒரு புரொஜெக்டரும் கொண்டுவந்தார். ஒரு சுருள் போட்டால் மூன்று நிமிஷம் ஓடும். அதைத் தபாலில் பாரிசுக்கு அனுப்பினால், அங்கே இருக்கும் அவருடைய சினேகிதர் கழுவி அனுப்ப மூன்று நான்கு மாதம் ஆகும். அதற்குள் என்ன எடுத்தோம் என்பதே எங்களுக்கு மறந்துவிடும்.

படத்தில் அவர் இந்தோசீனாவில் பீரங்கி சுடுவார். நிஜத்தில் அங்கே அவர் பிடித்தது கரண்டி. முகாம் சமையற்கட்டில் வெங்காயம் உரித்த மனுஷன் அவர். திருவேட்டக்குடி கடற்கரையில் சண்டைக் காட்சி எடுத்தார். கட்டுமரம்தான் கப்பல். எதிரிப் படையாக வந்த மீனவர்கள் வலை இழுக்க நேரமாகிவிட்டது என்று பாதிச் சண்டையில் போய்விட்டார்கள். எதிரி பயந்து ஓடியதாக வைத்துக்கொள்ளலாம் என்று இவர் சந்தோஷப்பட்டார்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. மிச்சம் இருந்தது அவர் சாகிற காட்சி. அதற்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்குச் சோறு போட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். யோசித்து யோசித்து ஒருநாள் காலையில் என்னிடம் வந்தார். ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் பிரெஞ்சு மரியாதையாக என்னை ‘மதாம்’ என்பார்.

“மதாம், சாவுக்கு மட்டுந்தான் ஊரு கூப்புடாம வரும், கூலியும் கேக்காது. நான் செத்துட்டேன்னு சொல்லிடலாம்.”

“யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும்.”

நான் சண்டை போட்டேன். சட்டி ஒன்று உடைந்தது, அதை உடைத்தது நான்தான். தாலியை மட்டும் ஒரு மூன்று நிமிஷம் கழற்றி வை என்றார். தாலிப் பேச்சை எடுத்தால் நிஜமாகவே படுத்துவிடுவீர்கள் என்றேன். அத்தோடு அந்தப் பேச்சை விட்டார். ஆனால் சாவை விடவில்லை.

சித்திரை மாதம். அனல் அடிக்கிறது. அந்த வெயிலில் பட்டாளத்துக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மெடலையும் குத்திக்கொண்டு, நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வாசல் பந்தலில் பெஞ்சின்மேல் படுத்தார். பட்டினத்துப் போட்டோ ஸ்டூடியோக்காரரிடம் கேமராவைக் கொடுத்திருந்தார். அவருக்கும் எனக்கும்தான் விஷயம் தெரியும்.

ஒரு மணி நேரத்தில் ஊர் திரண்டது. மாலை வந்தது, சங்கு வந்தது, சேகண்டி வந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் சுரக்குடியில் இருக்கும் அவருடைய தம்பி மகன். வந்தவன் பெரியப்பா காலைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதான். சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ அவனைக் குளத்தங்கரைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஸ்டூடியோக்காரர் வாழ்நாளெல்லாம் கல்யாணப் போட்டோ எடுத்தவர். கேமராவைக் கண்ணில் வைத்ததும் பழக்கதோஷத்தில், “யாரும் அசையாதீங்க, இங்க பாருங்க” என்றார். அழுதுகொண்டிருந்த ஊரே சட்டென்று நிமிர்ந்து நின்றது. சங்கு ஊதுகிறவர் சங்கை வாயில் வைத்தபடி நின்றார். மூன்று நிமிஷமும் நின்றார்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கல் மாதிரி நின்றேன். அப்படித்தான் ரொம்ப நாள் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

சுருள் தீர்ந்ததும் பிணம் எழுந்து உட்கார்ந்து, “படத்துல எல்லாம் வுழுந்துச்சா?” என்று கேட்டது.

சேகண்டியைப் போட்டுவிட்டு ஓடியவரை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். எல்லாரும் ஓடி முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி மகன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வந்து நின்றான். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் யார் செத்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்றான்.

வினை அதற்கு அப்புறம்தான் வந்தது. எல்லாரும் ஓடுவதற்கு முன்பே ஒருவர் தபாலாபீசுக்குப் போய்ப் பாண்டிச்சேரியில் இருக்கும் இவருடைய அண்ணனுக்குத் தந்தி அடித்திருந்தார். அண்ணன் ஒழுங்கான மனுஷன். எடுப்பதற்குள் வந்து சேர முடியாது என்று வீட்டிலேயே தலை முழுகிவிட்டு நேராகப் பென்ஷன் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டார். பென்ஷன் நின்றது. எங்களுக்கு நிலமும் கிடையாது, வேறு வருமானமும் கிடையாது. அந்தப் பென்ஷனில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று நேரில் பார்க்க ஓர் அதிகாரி காரைக்காலுக்கு வந்து போவார். இவர் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். அதிகாரி தாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“செத்துட்டதா ஒங்க சொந்த அண்ணனே எழுதிக் குடுத்திருக்காருங்க. வந்திருக்கறது நீங்கதான்னு நான் எப்பிடி நம்பறது? சாவுக்கு வந்தவங்க ஒருத்தர், சம்சாரம் ஒருத்தர், ரெண்டு பேரு உயிரோட இருக்கார்னு கையெழுத்துப் போடணும். அடுத்த தடவ வரும்போது கூட்டிக்கிட்டு வாங்க.”

ஊரில் யாரும் போடவில்லை. மாலை வாங்கினோம், தலை முழுகினோம், இனிமேல் நீங்கள் உயிரோடு இருந்தால் எங்களுக்கு என்ன என்றார்கள். தம்பி மகன் வாசற்படியே மிதிக்கவில்லை.

நானும் மாட்டேன் என்றேன். அரிசிப் பானை காலியாகிக்கொண்டிருந்தது, தெரியும். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. நான் அத்தனை சண்டை போட்டும் கேட்காமல், ஊர் முன்னால் ஒரு மணி நேரம் தாலியறுத்தவளாக நிறுத்தி வைத்தாரே, அவருக்கு நான் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? அவர் கெஞ்சினார். மதாம் என்றுகூடக் கூப்பிட்டுப் பார்த்தார்.

ஆவணி மாதம் சுருள் வந்தது. சாயங்காலம் வெள்ளையடித்த சுவரில் படம் காட்டப்போவதாகச் சொல்லியனுப்பினார். திட்டினார்களே தவிர, தங்கள் முகத்தைப் பார்க்க எல்லாருமே வந்துவிட்டார்கள். தம்பி மகனும் புதுப் பெண்டாட்டியோடு வந்தான்.

படம் ஓடியது. சினிமா என்று பேர், ஒரு ஜீவன் அசையவில்லை. சங்கு அசையவில்லை, மாலை அசையவில்லை. தலைநிறைய முடியோடு தம்பி மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓரமாக நழுவுவது மட்டும் முதலில் ஒரு நொடி தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அவன், “பெரியப்பா, என் முடிய இன்னொரு தடவ காட்டுங்க” என்றான். காட்டினார். மூன்றாம் தடவை காட்டியதும் கையெழுத்துப் போடுகிறேன் என்றான்.

அப்புறம்தான் எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஊரெல்லாம் சிலையாக நிற்க, பிணத்தின் வயிறு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. நான்கு இட்லி அல்லவா. பிணத்தின் பக்கத்தில் இன்னொரு கை அசைந்தது. யாருடைய கை என்று நானும் எட்டிப் பார்த்தேன். என்னுடையது. முகத்தை உர்ரென்று வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானையால் அந்த மனுஷன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கழுத்தைத் துடைத்தேன். கோட்டுப் பொத்தான் ஒன்றைக்கூடக் கழற்றிவிட்டேன்.

“ஏங்கக்கா, பொணத்துக்கு யாராச்சும் வேர்வ தொடைப்பாங்களா?” என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். எனக்கு வெட்கமாக வந்தது. அழுகையும் வந்தது. இருட்டில் யாருக்கும் தெரியவில்லை.

இவர் சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அத நான் சொல்லிக் குடுக்கலியே” என்றார், மெதுவாக.

அடுத்த தடவை அதிகாரி வந்தபோது நானும் போனேன். தம்பி மகன் போட்ட கையெழுத்துக்குக் கீழே நான் போட வேண்டிய இடத்தைக் காட்டி, அதிகாரி கேட்டார்.

“இவரு உயிரோடதான் இருக்கார்னு நீங்க நிச்சயமாச் சொல்றீங்களாம்மா?”

மின்விசிறி இல்லாத அறை. கம்பளிக் கோட்டோடு பக்கத்தில் விறைப்பாக நின்றார் இவர். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன்.

“வேர்க்குதுங்க” என்றேன்.