எலி தட்டிய இடங்கள்

இது நடந்தது. கதை எழுதிப் பிழைக்கிறவள் சொன்னால் யார் நம்புவார்கள் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நம்ப வேண்டாம். ஆனால் மன அழுத்தம், தூக்கமின்மை என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள். எனக்கு நன்றாகவே தூக்கம் வருகிறது. ஒலிப்பதிவும் கையில் இருக்கிறது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அப்போது எனக்குப் பதினொன்று. பென்சில், சட்டைக் காலர், என் மணிக்கட்டு என்று அகப்பட்டதையெல்லாம் கடித்து வைப்பான். அதனால் வீட்டில் அவனுக்கு எலி என்று பெயர். முப்பது வருடம் கழித்து அவனை வைத்து ஒரு நாவல் எழுதினேன். அந்த நாவலில் வரும் தம்பி யாரையும் கடிக்க மாட்டான். கதையில் சாகிற குழந்தைகள் எல்லாம் அப்படித்தானே? பூப்போலச் சிரிப்பார்கள். பெரியவர்களுக்கு ஆறுதல் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் கண்ணை மூடுவார்கள். நானும் அந்த அச்சில்தான் அவனை வார்த்தேன். புத்தகம் நன்றாகப் போனது.

கடைசி அத்தியாயத்தில் அக்கா அவனுக்கு ஒரு கதையை முழுதாக வாசித்துக் காட்டுகிறாள். "அழாதேக்கா" என்று சொல்லிவிட்டு அவன் தூங்கிப் போகிறான். என் அம்மாவுக்கு அந்த அத்தியாயம்தான் உயிர். "கடைசியா கதை கேட்டுட்டுத்தான் போனான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். இப்போது அவளுக்குக் கண் தெரிவதில்லை. அவள் கேட்க வேண்டும் என்றுதான் நாவலை ஒலிப்புத்தகம் ஆக்க ஒத்துக்கொண்டேன். நானே வாசிப்பதாகவும் சொன்னேன்.

ஒலிப்பதிவுக் கூடம் மூன்றாவது மாடியில். வாசிக்கிற அறை ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ராத்திரிதான். ஒரு மேசை, அதன்மேல் தடித்த கம்பளி, மைக், மர நாற்காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். தலை நரைத்த மனிதர். சாப்பிடும்போதுகூட ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்ற மாட்டார். வேலை எப்படி என்று அவர்தான் சொன்னார். வாசிப்பில் தப்பு வந்தால் நிறுத்தி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி வாசிக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் அது இரண்டு முள்ளாகத் தெரியும். அந்த முள்ளைப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்து வெட்டிவிடுவார்.

முதல் நாள் சாயங்காலம் 5.40க்கு முடித்தோம்.

"பதினாலு இடம் மேடம்," என்றார்.

"பதினொண்ணுதான். நான் எண்ணிக்கிட்டேதான் வந்தேன்."

"மூணு இடத்துல நீங்க தப்பே பண்ணல. ஆனா தட்டியிருக்கீங்க. மோதிரம் போட்டிருக்கீங்களா? இரும்புல தட்டுற மாதிரி கேக்குது."

என் கையில் மோதிரம் இல்லை. மைக் தாங்கியில் கை பட்டிருக்கும் என்று சமாளித்தேன். அந்த மூன்று இடங்களையும் போடச் சொல்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

முதல் இடம். தம்பி தன் மிட்டாயில் பாதியை அக்காவுக்குக் கொடுக்கிறான். டங்… டங். எலியாவது கொடுப்பதாவது! யாரும் கேட்கக் கூடாது என்று எல்லா மிட்டாயையும் முதலிலேயே நக்கி வைத்துவிடுவான்.

இரண்டாவது இடம். அக்கா அவன் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கிறாள். டங்… டங். தோழிகள் பார்க்கிறார்களே என்று நான் அவன் கையை உதறிவிட்டு முன்னால் போனதுதான் நிஜம்.

மூன்றாவது இடம், 'அவன் பொய்யே சொன்னதில்லை' என்ற வரி. எனக்கே சிரிப்பு வந்தது. டங்… டங்.

சிரிப்பு பாதியில் நின்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

எலிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் நான் தினமும் வாசித்துக் காட்டும் ஆமைக் கதை அவனுக்கு மனப்பாடம். அலுப்பில் நான் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டால், மருந்து ஸ்பூனை எடுத்துக் கட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுவான். பக்கத்தை விட்டுட்ட என்று அர்த்தம். அந்த இரும்புக் கட்டிலை அவன் இறந்த மாதமே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார் அப்பா.

மறுநாள் கடைசி அத்தியாயம். மைக் தாங்கியில் துணி சுற்றச் சொன்னேன். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டேன். "என் கையைப் பாருங்க. கண்ணை எடுக்காதீங்க," என்று ஒலிப்பதிவாளரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மாலை 4.17. 'அக்கா கதையைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தாள்…'

டங். டங்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்து நின்றார்.

அதே வரியை மறுபடி வாசித்தேன்.

டங். டங்.

இந்த முறை மேசையிலிருந்து வரவில்லை. என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது. முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடம்கூட இல்லை.

மூன்றாவது முறை. "'அழாதேக்கா' என்று சொல்லி…"

டங் டங். டங் டங். டங் டங்…

காதுக்குப் பக்கத்தில். கூடவே இருமல் மருந்து வாசனை.

வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"போதும்டா எலி! எனக்குத் தெரியும்டா! நான்தான விட்டேன்!"

புத்தகத்தை மூடினேன். மைக்கைப் பார்த்துச் சொன்னேன். அவனுடைய கடைசி ராத்திரி, நாற்பது பக்கத்தில் ஒன்பதுதான் வாசித்தேன். தூக்கம் வந்தது, நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவினேன். அவன் தட்டினான். "அவ்ளோதான் கதை, படு" என்றேன். அவன் என் கையைக் கடித்தான். "செத்துப் போ" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன். அப்போது மணி 9.50.

தட்டல் நின்றது.

பிறகு, மூடிய புத்தகத்துக்குள் ஒரு பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது…

அது பதிவில் இருக்கிறது. ஒலிப்பதிவாளர் அதை வெட்ட மறுத்துவிட்டார்.

பதிப்பாளர் போனில் கத்தினார். "அந்த அத்தியாயத்துக்கு என் மனைவி ஒரு மணி நேரம் அழுதா. இதைக் கேட்டா யாரு அழுவாங்க? உங்களைத் திட்டுவாங்க."

"திட்டட்டும். குழந்தைன்னா கடிக்கும். அதைச் சொல்ல முடியலேன்னா புத்தகமே வேணாம்."

அவரைச் சமாளிப்பது ஒன்றும் பெரிதில்லை. எனக்குப் பயம் அம்மாவிடம்தான். முப்பது வருடமாக அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆறுதலை நானே பிடுங்கப் போகிறேன். மறைத்தால் பழைய பொய்தான். ஞாயிற்றுக்கிழமை காலை 10.30க்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் போட்டேன்.

கேட்டு முடித்தாள். அழவில்லை.

"தெரியும்," என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"நீ வெளக்க அணைச்சதும் தட்ட ஆரம்பிச்சான். நீ அசந்து தூங்கிட்ட. கதைக்கு அடம்பிடிக்கிறான், தானா தூங்குவான்னு நானும் எழுந்து போகல. விடிய விடிய தட்டினான். நாலு மணி அடிக்கும்போதுகூட கேட்டுச்சுடி. அப்பவாவது போயிருந்தா… உசுரோட பாத்திருப்பேன்."

அவளும் பக்கத்தை விட்டிருக்கிறாள். என்னைப் போலவே முப்பது வருடமாக அதை மறைத்தும் இருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா அலமாரியைக் காட்டினாள். "அவன் செத்தப்ப டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு அங்கதான் இருக்கு. நான் மயங்கிக் கிடந்தேன். உங்கப்பா வாங்கி வச்சார். யாரும் பிரிச்சதில்ல. எடுத்துப் படி."

எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. அன்று விடிந்ததும் வந்து பார்த்த டாக்டரின் கையெழுத்து. இரண்டு வரிதான்.

இரண்டாவது வரியில் என் கண் நின்றது. மறுபடி படித்தேன்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

"காய்ச்சல்னு போட்டிருக்கும்மா. வேற ஒண்ணுமில்ல…"

டங். டங்.

அம்மாவின் தலைதான் முதலில் திரும்பியது. எலி படுத்திருந்த, இப்போது கட்டில் இல்லாமல் காலியாகக் கிடக்கும் பக்கத்து அறைப் பக்கம்.

அவள் பயப்படவில்லை. என் கையை இறுக்கிக்கொண்டாள்.

"முழுசா படிடி. இல்லேன்னா அவன் விடமாட்டான்."

படித்தேன்.

'காலை 6.30க்கு நான் பார்க்கும்போது, உயிர் பிரிந்து குறைந்தது ஏழு மணி நேரம் ஆகியிருந்தது.'