எலிப்பெட்டியும் தம்பியின் வாடியும்

தோட்டவெளியில் தச்சுப்பட்டறையைக் கடக்கும்போது மரத்தூள் மணம் வந்தால் எனக்கு எலிகள்தான் ஞாபகத்துக்கு வரும். நேற்றும் அப்படித்தான். சிரிக்காதீர்கள். கரப்பானைக் கண்டாலே கதிரையில் ஏறி நிற்கிற நான், கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் நான்கு வருடம் எலி பார்த்துப் பிழைத்தவள்.

எலிகளின் கூடுகளில் மரத்தூள் பரப்பியிருக்கும். தினமும் அவற்றுக்கு உடலை உசுப்பும் ஊக்கமருந்தை ஊசியில் ஏற்றுவோம். சிலவற்றுக்கு இருக்கிற கூட்டிலேயே, மற்றவற்றுக்கு வேறொரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்து. மருந்தும் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். கூட்டில் ஊசி வாங்கியவை அவ்வளவாக மாறவில்லை. பெட்டிக்குப் போனவையோ ஒவ்வொரு முறையும் முன்னைவிட வெறியோடு ஓடின. பல நாள் நிறுத்திவிட்டுத் துளி மருந்து கொடுத்தாலும், அந்தப் பெட்டிக்குள் என்றால் பழைய ஆட்டம்தான். வேறிடத்தில் கொடுத்தால் புது எலியைப் போல இருக்கும்.

"ஊசி போட முன்னமே, பெட்டியைக் கண்டவுடன துள்ளுது பாரடி," என்று கூட வேலை செய்தவள் சிரிப்பாள். நானும் சிரித்தேன்.

பிறகு ஊருக்கு வந்துவிட்டேன். என் தம்பி ஐஸ் என்கிற போதைப்பொருளில் விழுந்தான்; அதுவும் எலிக்கு ஏற்றிய மருந்தின் இனம்தான். கடற்கரையில் வலை வைக்கும் ஓலைக்கொட்டிலான எங்கள் வாடிதான் அவன் அதை இழுக்கும் இடம். தூரத்து மறுவாழ்வு நிலையத்தில் பல மாதம் இருந்து, உடம்பு தேறித் திரும்பினான்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். கடலிலோ நோயிலோ தப்பிப் பிழைத்து வந்தவனை முதலில் வாடிக்குக் கொண்டுபோய், அங்குள்ள அந்தோனியார் சுரூபத்துக்கு மெழுகுதிரி கொளுத்த வைப்பார்கள்.

"நேர்த்தி வைச்சனான் பிள்ளை. நாளைக்கே கூட்டிக்கொண்டு போகவேணும்," என்றார் அம்மா.

எனக்கு அந்தக் கறுப்புப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் பெற்றவளிடம் உன் மகனும் எலி மாதிரித்தான் என்று எப்படிச் சொல்வது? படித்த திமிர் என்பார்கள் என்றும் பயந்தேன். வாயை மூடிக்கொண்டு மெழுகுதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

வாடிக்குள் தம்பியின் கை நடுங்கியது. முகமெல்லாம் வியர்வை.

"என்னடா?"

"ஒண்டுமில்லை அக்கா. நெஞ்சு படபடக்குது."

பக்தியில் நடுங்குகிறான் என்று அம்மா அழுதார். எல்லோருக்கும் மனம் நிறைந்தது.

பத்து நாளில் அவன் தனியாக அங்கே போய் மறுபடி இழுக்கத் தொடங்கினான். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, "அங்க போனவுடன எல்லாம் திரும்பி வந்திட்டுது அக்கா. ஏனெண்டு விளங்கேல்லை," என்றான். எனக்கு விளங்கியிருந்தது. அப்போதும் சொல்லவில்லை. அவனுடைய இதயம் தாங்காமல் நின்றுபோனது.

போன மாதம், மகனைக் கொண்டுபோன இடம் நிற்கக் கூடாதென்று அம்மாவே ஆள்பிடித்து அந்த வாடியைப் பிரித்துப்போட்டார். ஓலை, கம்பு, சுரூபம் நின்ற மேடை ஒன்றுமில்லை, வெறும் மணல். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால், அவன் அங்கே போக முதலே அதைப் பிரித்திருப்பார்.