நாலாம் நம்பர் கட்டில்காரர்

பான்செவோ ஊரில் பைஜாமாவோடு வேலை பார்த்து, அதற்குச் சம்பளமும் வாங்கிய ஒரே ஆம்பிளை நம்ம ரதோமிர்தான். சிரிக்காதீர்கள். மூன்று வருஷம், வாரத்துக்கு நாலு நாள், ஒரு நாள் லீவு போடாமல் பார்த்தார்.

அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினார். ஒரு நாள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். ஐம்பத்தைந்து வயசு ஆளை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? இரண்டு வருஷம் சமையலறையில் பைஜாமாவோடு உட்கார்ந்து, தெருவில் போகிற பஸ்களை வைதுகொண்டிருந்தார். "பாரு, இவன் திருப்புற லட்சணத்த! எருமை மேய்க்கக்கூட லாயக்கில்ல!" அவர் மனைவி தெசாங்காவுக்குப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று அவரை ஒரு பார்வை பார்ப்பாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். திட்டித் தொலைத்திருந்தால்கூட மனுஷன் நிம்மதியாக இருந்திருப்பார்.

அப்போதுதான் 'மூன்றாம் மாடி' வந்தது. ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த ஒரு தொழிற்சாலையை வெள்ளையடித்து, கட்டில் போட்டு, ஆஸ்பத்திரியாக்கி, டி.வி. தொடர் எடுத்தார்கள். நோயாளியாகப் படுக்க ஆள் வேண்டும் என்றதும் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். டைரக்டர் ஒலிவேரா சின்னப் பெண், வெளிநாட்டில் படித்தவள். "கண்ணை மூடிப் படுங்க. பத்து நிமிஷம் யாரும் அசையக்கூடாது," என்றாள். அவ்வளவுதானே என்று எல்லாரும் படுத்தார்கள். ஒருத்தனுக்கு மூக்கு அரித்தது, ஒருத்தனுக்கு இருமல் வந்தது, ஒருத்தி காரணமே இல்லாமல் சிரித்தாள். ரதோமிர் அசையவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒலிவேரா தோளைத் தட்டினாள். "கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் இறங்குங்க," என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். மனுஷன் நிஜமாகவே தூங்கியிருந்தார்.

நினைவு தப்பிய நாலாம் நம்பர் கட்டில் நோயாளி என்ற வேடம் அவருக்குக் கிடைத்தது. வசனம் கிடையாது. குறட்டை விடக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

தொடரின் நாயகன் டாக்டர் கவ்ரன். மகா மேதை, மகா முசுடு. எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் கண்டுபிடிக்க முடியாத வியாதியை நாக்கைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் சொல்வதற்குள் நாலு பேரைக் கழுதை என்பார், இரண்டு ஃபைலை வீசுவார், தலைமை டாக்டரின் காபியை எடுத்துக் குடித்துவிடுவார். அந்த வேடத்தில் நடித்த வுகாஷினும் அதே சாதிதான். மூன்று வருஷம் நடித்ததில், கவ்ரன் எங்கே முடிகிறார், வுகாஷின் எங்கே ஆரம்பிக்கிறார் என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது. ஒரு தடவை கவ்ரன் வியாதியைத் தப்பாகச் சொல்வதுபோலக் கதை எழுதிவிட்டார்கள். வுகாஷின் அங்கே இருந்த ஒரே கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கதையை மாற்றுகிறவரை வெளியே வரவில்லை. சாயங்காலம்வரை மற்ற எல்லாரும் பக்கத்துப் பெட்ரோல் பங்குக்கு நடந்தார்கள்.

ஒவ்வொரு வாரமும் துப்புக் கிடைக்காமல் தவிக்கும்போது கவ்ரன் நாலாம் நம்பர் கட்டிலுக்கு வருவார். "இந்த ஆஸ்பத்திரியிலேயே குறுக்க பேசாத ஒரே ஆள் நீதான்டா," என்று மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவார். கொட்டி முடிப்பதற்குள் விடை கிடைத்துவிடும். இதனால் ஊரில் ரதோமிருக்கு மரியாதை கூடிப்போனது. சந்தையில் காய் விற்கிற அம்மா அவரை உற்றுப் பார்த்து, "எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே. கொஞ்சம் கண்ணை மூடுங்க," என்பாள். மூடியதும், "அட, நாலாம் நம்பரு!" என்று கத்துவாள். சில பேர், டாக்டரைப் பார்க்கப் போனால் கொடுக்கிற வழக்கப்படி, காபிப் பொட்டலத்தை அவர் கையில் திணித்து, "டாக்டர் கவ்ரன்கிட்ட குடுத்து, என் முட்டிவலியைக் கேட்டுச் சொல்லுங்க," என்றார்கள். ரதோமிர் கொண்டுபோய்க் கொடுப்பார். வுகாஷின் காபியை வாங்கிக்கொண்டு முட்டிவலிக்கு மருந்தும் சொல்வார்!

முக்கியமான விஷயம் என்னவென்றால், தெசாங்காவின் அந்தப் பார்வை நின்றுவிட்டது. காலையில் அவரும் டிபன் டப்பாவோடு அவளுக்கு முன்னால் கிளம்பினார். "ரொம்ப அலட்டிக்காத மனுஷா, இன்னிக்கு எத்தனை மணி நேரம் படுக்கணும்?" என்று கேலி செய்வாள். அந்தக் கேலிக்காகவே அவர் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் படுப்பார்.

நான்காவது வருஷம் அக்டோபர் மாதம் ஒலிவேரா அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ரதோமிர் மாமா, வர்ற வாரம் நீங்க செத்துப் போறீங்க."

"நானா? நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

"ஒரு தப்பும் இல்ல. ஜனங்க அழணும் மாமா. உங்களைத்தான் எல்லாருக்கும் பிடிக்குது."

"பிடிச்சா உயிரோட வச்சுக்கக்கூடாதா? வேணும்னா ஒரு விரலை அசைக்கிறேன். அதுக்கே அழுவாங்க."

"எழுதியாச்சு மாமா," என்று ஒலிவேரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்தான், என்ன செய்வது.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று ரதோமிர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாலாம் நம்பர் சாகப்போகிறார் என்று டி.வி.யில் அறிவிப்புப் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு கோஸ்தா வேலிக்கு மேலே தலையை நீட்டினான். "என்னப்பா, போகப் போறியாமே? மரண நோட்டீஸ் அடிச்சு நம்ம தெரு மரத்துல ஒட்டணும். நல்ல போட்டோவா ஒண்ணு எடுத்து வை. கண்ணை மூடின மாதிரி இருந்தாத்தான் ஆளு அடையாளம் தெரியும்!"

"போடா வெட்டிப்பயலே!" என்றார் ரதோமிர். ஆனால் குரலில் சூடே இல்லை. உள்ளே தெசாங்கா சிவப்பு மிளகாயைச் சுட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே, "அப்போ, மறுபடி வீட்டுலதானா?" என்று கேட்டாள். அவருக்கு நிஜமாகவே செத்துவிடலாம் போலிருந்தது.

சாவுக் காட்சி நாள் வந்தது. அங்கேதான் ஒலிவேரா படித்த படிப்பு வேலையைக் காட்டியது. உயிர் பிரிகிற நேரத்தில் வெள்ளைத் திரைச்சீலை மெதுவாக மிதந்து எழ வேண்டுமாம். அதற்காக எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னலையும் திறக்கச் சொன்னாள்.

அந்த ஊரில் இரண்டு வயசுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், எதிரெதிர் ஜன்னலைத் திறந்தால் குறுக்குக் காற்று வரும், குறுக்குக் காற்று பட்டால் ஆள் காலி. கழுத்து பிடித்துக்கொள்ளும், வாய் கோணும், சிறுநீரகம் கெட்டுப்போகும், அப்புறம் பாதிரியாரைக் கூப்பிட வேண்டியதுதான். உச்சி வெயிலில் பஸ்ஸுக்குள் எல்லாரும் வெந்து செத்தாலும் இரண்டாவது ஜன்னலைத் திறக்க ரதோமிர் தன் சர்வீஸில் ஒருத்தனையும் விட்டதில்லை. லைட் பிடிக்கிறவன் சத்தமில்லாமல் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டான். நர்ஸாக நடித்த பெண் இடுப்பில் கம்பளிச் சால்வையைக் கட்டி, அதன்மேல் வெள்ளைக் கோட்டைப் போட்டாள். கேமராமேன் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டான். நடுவில் மெல்லிய பைஜாமாவோடு, கழுத்து திறந்து கிடந்தவர் ரதோமிர் மட்டும்தான்.

கேமரா ஓடியது. திரைச்சீலை அழகாக எழுந்தது. கவ்ரன் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். "நாலு மணி பத்து நிமிஷம்," என்றார். குரல் உடைந்தது. நர்ஸ் விம்மினாள். ரதோமிர் பிரமாதமாகச் செத்துக் கிடந்தார், அதில் குறையே சொல்ல முடியாது.

அப்போது அந்தக் காற்று வந்து அவர் பிடரியில் உட்கார்ந்தது.

பல்லைக் கடித்தார். வேலைதான் போயிற்று, மானத்தோடு செத்துவிட்டுப் போவோம் என்று நினைத்தார். ஒலிவேராவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தார். காற்று பிடரியிலிருந்து காதுக்கு வந்தது. காதிலிருந்து தோளுக்கு இறங்கியது. அறுபது வருஷமாக உடம்பில் ஊறியதை ஒரு வாக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? செத்தவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஜன்னலைச் சாத்துங்கடா! ஆளைக் கொல்லவா பாக்குறீங்க?"

கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் வுகாஷினைப் பார்த்தார்கள். பாவம், அந்த ஆளின் முகம் போன போக்கு! அரை நிமிஷத்துக்கு முன்னால் செத்துவிட்டான் என்று தன் வாயால் சொன்ன ஆள் உட்கார்ந்து கத்துகிறான். அப்படியானால் கவ்ரன் தப்பாகச் சொல்லிவிட்டாரா? கவ்ரனா? வுகாஷின் ஒரு ஜன்னலைப் பார்த்தார். எதிர் ஜன்னலைப் பார்த்தார். மூக்கு விடைத்தது.

"கழுதைகளா!" என்று கர்ஜித்தார். "மூணு வருஷமா இவனுக்கு என்ன வியாதின்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன்! ரத்தம் பாத்தேன், மூளையைப் பாத்தேன், ஜன்னலைப் பாக்கலையே! இவன் மூணு வருஷமா குறுக்குக் காத்துல கிடந்திருக்கான்டா!"

லைட்காரன் ஏணியிலிருந்து குதித்து, கேமராவுக்குக் குறுக்கே ஓடி, இரண்டு ஜன்னலையும் அறைந்து சாத்தினான். நர்ஸ் பெண் "கடவுளே, நான்தானே திறந்தேன்," என்று நிஜமாகவே தேம்பினாள்.

"கட்!" என்று ஒலிவேரா தலையில் கை வைத்தாள். "இது என்ன கூத்து? காத்துப் பட்டா கோமா வருமா? எந்த மருத்துவப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகம் கிடக்குது, விடும்மா," என்றான் கேமராமேன். "என் மச்சானுக்கு இப்படித்தான் ஆச்சு. லாரியில ரெண்டு கண்ணாடியையும் இறக்கிட்டுப் போனான். ஒரு வாரம் வாய் பேசல."

"எங்க சித்திக்கு காதே போச்சு," என்றாள் நர்ஸ். ஆளுக்கொரு பிணத்தை, ஆளுக்கொரு முடத்தை எடுத்துச் சொன்னார்கள். மறுபடி எடுக்கலாம் என்று ஒலிவேரா வாயைத் திறப்பதற்குள் வுகாஷின் கக்கூஸை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். "சரி, சரி! இதையே வச்சுக்கலாம்!" என்று அலறினாள். படிப்பெல்லாம் அன்றோடு தோற்றது.

ரதோமிருக்குத் தலைகால் புரியவில்லை. சாகவில்லை! வசனம் வேறு பேசியாயிற்று! கட்டிலிலேயே உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். ஒலிவேரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்களுக்குக் குணமாயிடுச்சு."

"ஆமாம்மா, சந்தோஷம்!"

"குணமான ஆளுக்குக் கட்டில் எதுக்கு மாமா?"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இது அவருக்குத் தோன்றவே இல்லை. செத்தால்தான் வேலை போகும் என்று நினைத்திருந்தார்.

அடுத்த வாரம் அவர் வீடு திரும்பும் காட்சி. பளிச்சென்று தெரியட்டும் என்று மேக்கப் அம்மா தலையில் தண்ணீரைத் தெளித்துப் படிய வாரிவிட்டாள். "தொப்பி?" என்று கேட்டார் ரதோமிர். "தொப்பி போட்டா முகம் தெரியாது மாமா," என்றாள் ஒலிவேரா. வேறு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பார். அன்றைக்கு மனசே விட்டுப்போயிருந்தது. கவ்ரனோடு கைகுலுக்கிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, பனிமூட்டத்துக்குள் நடந்து போனார். பைஜாமாவை அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்தக் காட்சி ஒளிபரப்பானது. பிளம் சாராயத்தோடு கோஸ்தா வந்து சோபாவில் உட்கார்ந்தான். தெசாங்கா சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே பார்த்தாள். திரையில் ரதோமிர் கைகுலுக்கினார், வாசலைத் தாண்டினார். விதைக் கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது.

"ஐயையோ! ஈரத் தலை!"

"தெசாங்கா, அது நடிப்பு..."

"நவம்பர் மாசத்துல ஈரத் தலையோட வெளிய அனுப்பியிருக்கான் பாரு! அவனெல்லாம் ஒரு டாக்டரா? தொப்பிகூட இல்ல! மூளைக்காய்ச்சல் வந்து இந்த மனுஷன் ஒரு வாரத்துல போயிருவாரு!" என்று போனை எடுத்து டி.வி. நிலையத்துக்குச் சுழற்றினாள். லைன் கிடைக்கவில்லை. ஊர் உலகமே அதே நேரத்தில் அதே நம்பரைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் சந்தையில் காய்க்கார அம்மா ரதோமிரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒருத்தி கம்பளித் தொப்பியை அவர் தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்காத ஆளில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒலிவேரா போன் செய்தாள். தெசாங்காதான் எடுத்தாள்.

"அத்தை, போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, எங்களால வேலையே பாக்க முடியல. எல்லாருக்கும் ஒரே கேள்விதான், அந்த ஈரத் தலைக்காரர் எப்படி இருக்காருன்னு. அவர் மறுபடி நோய்வாய்ப்பட்டுத்தான் ஆகணுமாம், இல்லாட்டி நம்ப மாட்டாங்களாம். கவ்ரனும் அதையேதான் சொல்றாரு. ஒரு வருஷத்துக்குக் குணமாகாத வியாதியாப் பாத்து எழுதிக்கிட்டு இருக்கோம்." ஒலிவேரா கொஞ்சம் தயங்கினாள். "மாமா இப்ப எப்படி இருக்காரு?"

தெசாங்கா திரும்பிப் பார்த்தாள். ரதோமிர் மேஜை முன்னால் உட்கார்ந்து, நாலாவது ரொட்டித் துண்டில் மிளகாய்த் தொக்கைத் தடவிக்கொண்டிருந்தார். யார் என்று கேட்கக்கூடத் தைரியமில்லாமல், கத்தியைக் கையில் பிடித்தபடியே அவள் வாயைப் பார்த்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப மோசமா இருக்காரும்மா," என்றாள். "திங்கக்கிழமை காலையில வேலைக்கு வந்திருவாரு."