வெள்ளைச் சட்டைக்காரரிடம் மணி கேட்டது

நான் எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறேன். பிள்ளைகளின் டம்ளரில் ஒட்டுவதற்குப் பெயர் எழுதுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். நாலு பேர் முன்னால் பேச வேண்டியிருந்தால் யார் முதுகுக்குப் பின்னாலாவது போய் நின்றுகொள்வேன். எழுதும்போது எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள் என்ற ஒரே தைரியத்தில் தொடங்கியிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் சாயங்காலம் கம்பத்தில் உள்ள பூங்காவுக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். போன மாதம் ஒருநாள் எதிர் பெஞ்சுகளில் இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. யாரும் சத்தமாகப் பேசவில்லை. பூங்காவுக்கு யாரும் போட்டு வராத மாதிரி ஒரு புது சுடிதாரில் ஒரு பெண். செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஒரு பையன். கூட வந்த வாண்டுகளிடம் பெரியவர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை, "போங்க, போய் வெளையாடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்காமல் போன நாள் ஒன்று உண்டு. அதைத்தான் எழுத வந்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று. காமயகவுண்டன்பட்டியில் அப்பா, அம்மா, நாங்கள் இருவர், அப்பாவின் தங்கையான அத்தை என்று ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமைகூட மருந்தடிக்கும் டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு போகிறவர். எங்களைச் சந்தைக்குக்கூட ஒருநாளும் கூட்டிப் போனதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முகச்சவரம் செய்துகொண்டே, "இன்னைக்கு லோயர் கேம்ப்புல பார்க்குக்குப் போறோம். ஊஞ்சல் இருக்கு, சறுக்கு இருக்கு" என்றார். நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு ஏதோ வியாதி வந்திருக்கிறது, சாவதற்கு முன் ஆசையைத் தீர்க்கிறார்கள் என்று நான் கொஞ்ச நேரம் நினைத்தேன்.

அத்தையை அதற்கு முன்பு இரண்டு முறை பெண் பார்த்திருந்தார்கள். இரண்டும் எங்கள் வீட்டில்தான். கேசரி கிண்டும் மணம் தெரு முனை வரைக்கும் போய்விடும். முதலில் வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள்; சொல்லி அனுப்பவேயில்லை. இரண்டாவதாக வந்த மாப்பிள்ளை, காபி கொஞ்சம் ஆறிவிட்டது என்று எல்லோர் முன்னாலும் தன் அம்மாவைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாராம். குனிந்த தலையோடு நின்றிருந்த அத்தைக்கு அவருடைய கால் விரல்களும் அந்த அதட்டலும்தான் கிடைத்தன. அவர்கள் போனதும் அத்தை அப்பாவிடம், "அண்ணே, நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஆளு கோவக்காரரா இல்லையான்னு தெரியாம இனிமே தலைய ஆட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டது. தெருவே பேசியது. எங்கள் தாத்தா கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டை வாசலில் எறிகிறவர் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தட்டுகளைப் பொறுக்கி வந்து கழுவியது அத்தைதான்.

அதனால் மூன்றாவது முறை தெருவுக்குத் தெரியக்கூடாது, பொது இடத்தில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்க வேண்டும் என்று அப்பா ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு இரண்டு பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பெரியவளான பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஊஞ்சல் ஒன்றுதான்.

பஸ் ஏறும் இடத்தில் எதிர்வீட்டுப் பெரியம்மா நின்றிருந்தது.

"எங்கன கெளம்பிட்டீக எல்லாரும்?"

"பிள்ளைகளுக்குப் பார்க்கு காட்டலாம்னு" என்றார் அப்பா.

பெரியம்மா அத்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது. "அதான பாத்தேன். ஊஞ்சல்ல ஆடத்தான் பட்டுச்சேல, மல்லியப்பூ எல்லாமா? நல்லா ஆடிட்டு வாத்தா, கெட்டியாப் பிடிச்சுக்க."

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டது. அப்பாவின் காது சிவந்தது.

கம்பம் போய், குமுளி பஸ் மாறி, லோயர் கேம்ப்பில் இறங்கினோம். மலையிலிருந்து, கரண்டு எடுக்கத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய பெரிய குழாய்கள் கீழே இறங்கி வரும் இடம். அதைப் பார்த்தாற்போல் ஒரு சிறிய பூங்கா இருந்தது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, நான்கைந்து சிமெண்டு பெஞ்சு. அங்கே எங்களுக்கு முன்பே ஒரு குடும்பம் வந்திருந்தது. கூடலூர்க்காரர்கள். அப்பா அவர்களைப் பார்த்து, "அட, நீங்களும் வந்திருக்கீகளா!" என்று ஆச்சரியப்பட்டார். அப்பாவுக்கு நடிப்பு வராது. அந்தப் பக்கத்துப் பெரியவருக்கும் வரவில்லை. "ஆமா, ஆமா, பேரப்பிள்ளைகளுக்குப் பார்க்கு காட்டலாம்னு" என்று ஒப்பிப்பது போலச் சொன்னார். அவர்களும் என் வயதில் ஒரு பெண்ணையும் ஒரு சின்னப் பையனையும் கொண்டுவந்திருந்தார்கள்.

ஊஞ்சலுக்காக எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் உடனே சண்டை வந்துவிட்டது. வீட்டிலென்றால் அப்பாவிடம் முதுகில் ஒன்று வாங்கியிருப்பேன். அன்று அவர் தேன் ஒழுக, "ஏத்தா, அந்தப் பாப்பாவுக்கு விட்டுக்கொடு" என்றார். அந்தப் பெண்ணின் தாத்தா விடவில்லை. "இல்லல்ல, நீ எறங்குத்தா, அந்தப் பிள்ளை ஆடட்டும்" என்றார். "பரவால்ல, உங்க பேத்தி ஆடட்டும்." "அதெப்படி, நீங்க தூரத்துல இருந்து வந்திருக்கீக." இரண்டு பேரும் மாறி மாறி எங்களை இறக்கிவிட்டதில் ஊஞ்சல் வெகுநேரம் காலியாகவே ஆடிக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்கு இன்று என்ன வந்துவிட்டது என்று எனக்கு விளங்கவேயில்லை.

அத்தையை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் அந்த வீட்டு அம்மா, மறுபக்கம் அவருடைய மகள். எதிரே மலையும் குழாய்களும். விளையாடும் இடம் முழுக்க அத்தைக்கு முதுகுப்புறம். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. ஆளைப் பார்க்க வந்த அத்தை, குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் பெண் அடக்கமில்லாதவள் என்றாகிவிடும் அல்லவா.

தண்ணீர் கேட்டு நான் அத்தையிடம் போனேன். அந்த அம்மா முறுக்கு எடுப்பதற்காகப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் தன் பையனை ஏதோ அதட்டிக்கொண்டிருந்தார். அத்தை என் ரிப்பனை அவிழ்த்துக் கட்டுவது போல என்னை இழுத்து, காதருகே சொன்னது.

"பின்னால வெள்ளச் சட்டை போட்டு ஒருத்தவுக நிக்கிறாகள்ல, அவுககிட்ட போயி மணி என்னன்னு கேட்டுட்டு வா."

"ஒங்க கையிலதான் வாட்ச் இருக்கே?"

"அது நின்னுபோச்சு."

முள் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"மணி மட்டும் கேட்டா போதாது. எப்படிச் சொல்றாகன்னு பாத்துட்டு வரணும். சிடுசிடுன்னு சொல்றாகளா, சிரிச்சுச் சொல்றாகளான்னு. வேற யாருகிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?"

மணியைச் சிரித்துச் சொன்னால் என்ன, சிடுசிடுவென்று சொன்னால் என்ன? யோசித்துக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் வெள்ளைச் சட்டை போட்டவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, மலையைப் பார்த்து நின்றிருந்தார். எங்கள் கணக்கு வாத்தியார் விடை வராத பிள்ளைகளைப் பார்ப்பது போன்ற பார்வை. மற்றவர் சறுக்கின் அருகே, மேலே ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுத என் தம்பியைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்.

அத்தை சொன்னது யாரை என்று திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். இல்லையென்றால் இரண்டு பேரிடமும் கேட்டிருக்கலாம். நான் பயந்தாங்கொள்ளி. புது மனிதரிடம் பேசுவதே பெரிய காரியம், அதிலும் அந்தப் புருவத்திடம் எப்படிப் போவது? தம்பியை இறக்கிவிட்டவரிடமே போனேன்.

அவர் என் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் மாட்டினார். அது முழங்கை வரை வழுக்கிப் போனது.

"நீயே பாத்துச் சொல்லு தாயி. சின்ன முள்ளு எங்கன நிக்குது?"

"அஞ்சுக்குப் பக்கத்துல."

"போயிருச்சா, போகலையா?"

"போகல."

"அப்ப பெரிய முள்ளு இன்னும் பத்து நிமிசம் நடக்கணும். பாவம், அதுக்குக் கால் வலிக்கும்ல?"

நான் சிரித்துவிட்டேன். அதுவரை பெரிய முள் பன்னிரண்டில் நின்றால் மட்டுமே மணி சொல்லத் தெரிந்த எனக்கு, அன்றைக்குத்தான் கடிகாரம் பார்க்கத் தெரிந்தது.

ஓடிப்போய் அத்தையின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். குத்தவைத்து உட்கார்ந்தது, வாட்சை மாட்டிவிட்டது, முள்ளுக்குக் கால் வலிக்கும் என்றது. அத்தை குழாய்களையே பார்த்துக்கொண்டு கேட்டது. "தம்பியையும் அவுகதான் தூக்கி இறக்குனாகளா?" என்று ஒருமுறை கேட்டது. பிறகு முறுக்கை எடுத்து ஒரு கடி கடித்தது. காலையிலிருந்து அத்தை எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

கிளம்பும் நேரம் வந்தது. அவர்கள் சொந்த ஜீப்பில் வந்திருந்தார்கள். நாங்கள் சாலையின் இந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு மணி சொன்னவர் ஜீப்பின் பின்பக்கம் ஏறினார். ஊஞ்சலுக்குச் சண்டை போட்ட அந்தப் பெண், "அப்பா, நான் மடியில" என்று அவர் மேலே ஏறி உட்கார்ந்தது. புருவக்காரர் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து, எங்கள் பக்கம் பாராமல் வண்டியைக் கிளப்பினார். புகை அடங்கும்வரை அத்தை அந்தத் திசையையே பார்த்தது. முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. அப்பா தம்பிக்கு ஒன்றுக்குப் போக இடம் தேடிக்கொண்டிருந்தார். அம்மாவும் கூடவே போயிருந்தது.

அத்தை என் தோளைப் பிடித்துத் திருப்பியது.

"இங்க பாரு. ஒங்கிட்ட மணி சொன்னது யாரு? வண்டி ஓட்டுனவுகளா, பின்னால ஏறுனவுகளா?"

பிடி இறுகியிருந்தது. தப்பான ஆளிடம் போய்விட்டேன் என்று அந்தப் பிடியிலேயே தெரிந்தது. ஒரு சின்ன வேலை சொன்னால்கூடச் சரியாகச் செய்யத் தெரியாதா என்று திட்டப் போகிறது, வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லப் போகிறது என்று நினைத்தேன்.

"ஓட்டுனவுக" என்றேன்.

"நெசமா?"

"நெசமாத்தான்."

அத்தை தோளை விட்டது. நான் கலைத்து வைத்திருந்த ரிப்பனை மறுபடியும் கட்டிவிட்டது, இந்த முறை மெதுவாக.

பஸ்ஸில் அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பினார். "என்னத்தா சொல்ற? நாளைக்கு அவுகளுக்குப் பதில் சொல்லணும்."

"ஒங்க இஷ்டம்ணே. எனக்குச் சம்மதந்தான்" என்றது அத்தை.

அப்பா நம்ப முடியாமல் அம்மாவைப் பார்த்தார். எதற்குச் சம்மதம் என்று நான் கேட்டேன். "மறுபடியும் பார்க்குக்கு வர்றதுக்கு" என்றது அம்மா. எனக்கும் சம்மதமாகத்தான் இருந்தது.

கல்யாணத்தன்று மணவறையில் புருவக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான் நான் சொன்ன பொய் என்ன செய்திருக்கிறது என்று எனக்கு லேசாக உறைத்தது. அதன்பின் அவரை நான் விடாமல் கவனித்து வந்திருக்கிறேன். மாமா நல்லவர். அத்தையை அதட்டியதாக நான் கேட்டதில்லை. குத்தவைத்து உட்கார்ந்து ஒரு பிள்ளையிடம் பேசியும் பார்த்ததில்லை. என் பதினெட்டாவது வயதில் கூடலூரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மாமா, மணி என்ன?" என்று கேட்டேன். தினத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்கன சுவத்துல இருக்குல்ல" என்றார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. இந்தப் பதிலை அன்று நான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அத்தை என்ன சொல்லியிருக்கும்? சரி என்றும் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. அடுப்படியில் நின்றிருந்த அத்தை அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டது. அன்று பொய் சொன்னதை நான் இன்றுவரை அத்தையிடம் சொல்லவில்லை.

வாழ்க்கைக்கே ஒரே ஒரு கேள்வி கேட்கும் வாய்ப்பு வந்து, அதையும் தன் வாயால் கேட்க முடியாமல், எட்டு வயதுப் பயந்தாங்கொள்ளியின் வாயில் வைத்து அத்தை அனுப்பியது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. திட்டு வாங்காமல் தப்பித்துவிட்டேன் என்பது மட்டும்தான் தெரியும். வீடு வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ்ஸில் இருந்தவர்களின் கைக்கடிகாரங்களில் மணி பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அப்பா விடியற்காலையிலேயே போய்ச் சம்மதம் சொல்லிவிட, மதியம் கூடலூரிலிருந்து ஐந்து பேர் வந்து அத்தைக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன்.