கெம்பாவின் முப்பத்துமூன்று கற்கள்

1978ஆம் ஆண்டு ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பனி முழுதாக விலகவில்லை. கெம்பா என்ற செவலை எருதின் மூக்கிலிருந்து வந்த ஆவி என் மணிக்கட்டில் பட்டு ஈரமாகிக்கொண்டிருந்தது. அதன் முகத்தின் இரு புறமும் ரெக்சின் துண்டுகளை நான் பிடித்துக்கொள்ள, என் வகுப்புத் தோழன் மாதேஷ் கயிற்றை முடிந்தான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாங்கள் ஓசூருக்கு வந்து அன்றைக்கு ஏழு மாதம் பதினொரு நாள். அப்பா புதிதாகத் திறந்த ஒரு தொழிற்சாலையில் டர்னர். ஊர் எல்லையில் எட்டு வீடுகள் ஒட்டியிருந்த ஒரு 'லைன் வீட்டில்' ஆறாவது வீடு எங்களுடையது. அதன் பின்சுவரைத் தாண்டினால் மாதேஷின் அப்பா திம்மப்பாவின் கேழ்வரகுக் காடு. அவர்கள் வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். மாதேஷ் மூன்றிலும் என்னைக் கிண்டல் செய்வான். எதைப் பார்த்தாலும் நான் எண்ணுவதால், எனக்கு அவன் வைத்த பெயர் 'லெக்கா'. கன்னடத்தில் லெக்கா என்றால் கணக்கு.

எண்ணும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. "அளக்காம ஒண்ணையும் சொல்லப்பிடாதுலே" என்பார். அவர் ஒருமுறை பெங்களூரின் பழைய பொருள் சந்தையிலிருந்து ஒரு பைனாகுலர் வாங்கி வந்தார். வலது கண்ணாடியின் ஓரத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. மாதேஷ் அதை 'துர்பீன்' என்றான். அதில் பார்த்தபோது தூரத்துத் தென்னையில் இருந்த காகத்தின் மூக்குவரை தெரிந்தது, ஆனால் தென்னையைக் காணவில்லை. கண்ணிலிருந்து எடுத்தால் தென்னந்தோப்பே தெரிந்தது, காகத்தைக் காணவில்லை. பெரிதாகத் தெரிய வேண்டுமானால் கொஞ்சமாகத்தான் தெரியும் போலிருக்கிறதே, எவ்வளவு கொஞ்சம் என்று அளந்தால் என்ன என்று தோன்றியது.

அறுவடை முடிந்த காட்டில் ஒரு முளை அடித்து, கயிற்றைக் கட்டி, இருபது தப்படியில் ஒரு வட்டம் போட்டு, வட்டத்தின் மேல் முப்பத்தாறு கற்களைச் சம இடைவெளியில் வைத்தோம். கல்லுக்குக் கல் பத்து பாகை. நான் நடுவில் நின்று நேரே பார்க்க, மாதேஷ் வெள்ளைத் துண்டை ஆட்டிக்கொண்டு கல் கல்லாக நடந்தான். தலையைத் திருப்பாமல் எனக்குத் தெரிந்தது பதினெட்டுக் கல், அதாவது பாதி வட்டம். பைனாகுலரை வைத்துக்கொண்டால் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையிலுள்ள வெளிகூட முழுதாக அடங்கவில்லை.

பிறகு கெம்பாவை நடுவில் கட்டினோம். அதனிடம் கேட்க முடியாது என்பதால் ஒரு வழி கண்டுபிடித்தோம்: துண்டைக் கண்டால் அது அசை போடுவதை நிறுத்தும், இல்லையென்றால் காதையாவது திருப்பும். மூன்று நாள் மாலைகளில் பன்னிரண்டு சுற்று நடந்தோம். முப்பத்தாறில் முப்பத்துமூன்று கற்களில் அதற்குத் துண்டு தெரிந்தது. வாலுக்கு நேர் பின்னே மூன்று கற்கள் மட்டும் தெரியவில்லை. தன் முதுகையே பார்த்துக்கொண்டு ஒரு பிராணி நடக்கிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. மாதேஷுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

"அதுக்குக் கண்ணு பக்கவாட்டுலதானடா இருக்குது. உன்னாட்டம் மூஞ்சியில ஒட்டியா வச்சிருக்குது? பின்னாடி போனா ஒதைக்கறது எதுக்குன்னு நெனைக்கற? தெரியாத எடத்துல எவனோ நிக்கறான்னுதான்."

அந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி பக்கத்து ஊரில் எருது விடும் விழா இருந்தது. குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த நேரத்தில் ஓடும் எருதுக்குப் பரிசு. கெம்பா நல்ல ஓட்டக்காரன், ஆனால் இரு புறமும் ஆட்கள் துண்டு வீசினால் வளைந்து வளைந்து ஓடி நேரத்தை விட்டுவிடும். எனக்குக் காரணம் பளிச்சென்று புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தேன். முப்பத்துமூன்று கல் தெரிந்தால் முப்பத்துமூன்று பயம். ஜட்கா குதிரைக்குக் 'கண்பட்டை' கட்டுகிறார்களே, அதுபோல் கட்டிவிட்டால் பைனாகுலரில் காகம் தெரிந்ததுபோலப் பாதை ஒன்றுதான் தெரியும். அப்பாவின் கிழிந்த பையிலிருந்து இரண்டு துண்டு ரெக்சினை வெட்டினேன். கட்டிப் பார்த்தோம்; இப்போது ஒன்பது கல்லுக்குத்தான் கெம்பா அசை போடுவதை நிறுத்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஞாயிறு காலை மாதேஷ் முடிச்சுப் போட்டு முடித்ததும் திம்மப்பா வந்தார். கெம்பா அவருக்குப் பந்தயத்துக்கு மட்டுமான எருது அல்ல, ஏர் ஜோடியில் இடப்பக்கத்து மாடு. அதற்கு ஏதாவது ஆனால் வீட்டில் உழவு நின்றுவிடும். அவர் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"பக்க காணுத்தா?"

நன்றாகத் தெரிகிறதா, சுத்தமாகத் தெரிகிறதா என்று கேட்கிறார் என நினைத்தேன். எங்கள் லைனில் அப்பாவின் சிநேகிதர்கள் எதற்கெடுத்தாலும் 'பக்கா' என்பார்கள். வேலை பக்கா, ஜாப் பக்கா.

"பக்கா, மாமா! பக்கா!" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

விழாவில் கெம்பா ஒருமுறைகூட வளையவில்லை. துண்டுகள் பறந்தன, விசில்கள் பறந்தன, அது அம்புபோல ஓடியது. நான் கத்திக்கொண்டே நொடிகளை எண்ணினேன். ஏரிக்கரை வரும் இடத்தில் பாதை இடப்புறமாகத் திரும்புகிறது, அந்த முனையில் வேலிக்கு நட்ட கருங்கல் தூண் ஒன்று நின்றது. மற்ற எருதுகள் எல்லாம் ஓடும்போதே அதை ஓரக்கண்ணால் கண்டு ஒதுங்கிப் போயின. கெம்பா தலையைத் திருப்பித் தேடியபோது நேரம் கடந்துவிட்டது. இடது தோள் தூணில் மோதிய சத்தம் எனக்குப் பதினான்காவது நொடியில் கேட்டது. அது விழவில்லை, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றது.

திம்மப்பா ஓடி வந்து பட்டைகளை அவிழ்த்தார். அவற்றைத் தன் கன்னங்களின் இரு புறமும் வைத்துக்கொண்டு தலையை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு காதருகே உள்ளங்கையை ஆட்டி, "பக்க காணல்லவே, பக்க!" என்றார். அந்தக் கை ஆடியபோதுதான் எனக்கு விளங்கியது. கன்னடத்தில் 'பக்க' என்றால் பக்கவாட்டு. பக்கவாட்டில் தெரியுமா என்று அவர் கேட்டிருக்கிறார். தெரியும், தெரியும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

பட்டையைக் கோணலாகக் கட்டியிருக்கிறாய் என்று அவர் மாதேஷை அடித்தார். நான் பதினோரு தப்படி தள்ளி நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கெம்பாவின் தோள் சேரவே இல்லை. அந்த ஆண்டு அவர்கள் இரவல் மாட்டைக் கட்டி உழுதார்கள். மாதேஷ் வகுப்பில் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். எனக்கும் பின்சுவரைத் தாண்டக் கால் வரவில்லை. அடுத்த வருடம் அப்பா வீடு மாற்றினார். நானும் பின்னர் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் சேர்ந்து, திருகாணிகளை எண்ணியே ஓய்வு பெற்றேன்.

சென்ற மாதம் கண் மருத்துவமனையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நேரே ஒரு புள்ளியைப் பார்த்தபடி, சுற்றிலும் ஒளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடி இடது கண்ணுக்குச் செய்ததில் நான் அழுத்தியது முப்பத்தொரு தடவை. வலது கண்ணுக்கு நாற்பத்தெட்டு. டாக்டர் பெண் என் மகள் வயதுக்காரி. "நேராப் பாக்கறது நல்லா இருக்கு சார், பக்கந்தான் போயிட்டிருக்கு. சொட்டு மருந்தை விடாம போடுங்க" என்றாள்.

எனக்கு விசித்திரமாக இருந்தது என்னவென்றால், பைனாகுலரில் ஒரு கறுப்பு விளிம்பு இருக்கும், இதற்கு மேல் தெரியாது என்று அது சொல்லிவிடும். கண்ணில் போன இடத்துக்கு விளிம்பே இல்லை. அங்கே கறுப்பும் இல்லை, இருட்டும் இல்லை. நம் முதுகுக்குப் பின்னால் என்ன நிறமோ அந்த நிறந்தான். இடப்பக்கக் கதவில் நான்கு முறை மோதியும் கதவைத்தான் திட்டினேன். கெம்பாவும் எல்லாம் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டுதான் ஓடியிருக்கும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பக்கம் முழுதாகப் போவதற்குள் மாதேஷிடம் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. நான்கு பேரிடம் விசாரித்து, அவன் தளிக்கு அருகே பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் ரோஜா போடுகிறான் என்று தெரிந்துகொண்டு பஸ் ஏறினேன். நரைத்த மீசையோடு வந்தவன் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"லெக்காவாடா நீ? தலையில முடிய எண்ணி எண்ணியே கொட்டிட்டியா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பக்க, பக்கா, பதினோரு தப்படி, என் இடக்கண், எல்லாம்.

"அது அன்னிக்குச் சாயந்தரமே தெரியும்டா" என்றான் கடைசியில். "அவன் பக்கான்னு சொன்னான், நீ பக்கன்னு எடுத்துகிட்ட, அவனுக்கு நம்ம பாஷை தெரியாதுப்பான்னு நாந்தான் எங்கப்பாகிட்ட சொன்னேன்."

"அப்புறம் ஏன்டா வேற பெஞ்சுக்குப் போன?"

"நீ வீட்டுக்கு வருவேன்னு பாத்தோம். எங்கப்பா ஒரு வாரம் கேட்டுகிட்டே இருந்தாரு, லெக்கா வந்தானா, லெக்கா வந்தானான்னு. பையனை அடிச்சதுல அவருக்கே ஒரு மாதிரியாயிடுச்சு, உன்னைக் கூப்ட்டு ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் வாங்கித் தரணும்னு இருந்தாரு. நீ வரல. எனக்குக் கோவம் வந்துடுச்சு." சிரித்தான். "போவுது விடு. ஒரே ஒரு அடிதான வாங்கனேன்."

"மூணு" என்றேன்.

"பாரு, அதையும் எண்ணி வச்சிருக்கான்!"

திம்மப்பா போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன என்றான். அவரிடம் சொல்ல இனி வழியில்லை. பஸ் நிறுத்தம்வரை என் இடப்பக்கமாகவே நடந்து வந்தவன், டீக்கடையில் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோகாமல், "டீக்காசு நீதான்டா குடுக்கணும்" என்றான்.

திரும்பும் வழியில் பழைய இடத்தைப் பஸ் கடந்தது. லைன் வீடும் கேழ்வரகுக் காடும் இல்லை. ஒரு தொழிற்சாலையின் நீண்ட மதில். பக்கத்து ஊர் ஏரிக்கரையில் நின்ற அந்தக் கல்தூணையும் காணோம். ஏரி இருந்த இடப்பக்கம் லாரிகள் நிற்கின்றன. எண்ணத் தொடங்கினேன், என் இருக்கை வலது ஜன்னலோரம் என்பதால் பாதிக்கு மேல் தெரியவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகளாக நான் போகாத வீட்டுக்குப் போக பஸ் கட்டணம் இருபத்தேழு ரூபாய், வர இருபத்தேழு, இரண்டு டீ இருபத்துநான்கு. ஆக மொத்தம் எழுபத்தெட்டு ரூபாய்.