இடியிலும் அணையாத கம்ப்யூட்டர்

தர்மேந்திரன் அண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு மூக்குக்கு மேல் வரும். ஈப்போவில் எங்கள் கடை ஒரே அறைதான். முன்பாதியில் நான் போட்டோகாப்பி எடுத்து, அரசாங்க ஃபாரங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். பின்பாதியில் அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறார். பதினொரு வருஷமாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பிழைப்பு நடத்துகிறேன், அதனால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவர் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பழனியப்பன் ரப்பர் பால் எடுக்க மரம் சீவியவர். அந்தக் காலத்தில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பொழுது சாய்ந்து மூன்று மணி நேரம்தான் கரண்டு. எந்த வீட்டில் விளக்கு எரிகிறதோ அங்கே ஆள் இருக்கிறது, நலமாக இருக்கிறது என்று அர்த்தமாம். இருட்டாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டுவாராம். இதை அண்ணன் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை.

தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனை எண்ணெய்க்கு மாறியதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. அண்ணன் தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டு கோத்தார். தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அந்த வயதில் இளவட்டங்களோடு வகுப்பில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் படித்தார். வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். "பசிதான் இருந்துச்சு, வெட்கப்பட எங்க நேரம்?" என்றார்.

புதுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எங்கள் கடைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. வருவதெல்லாம் பழசு. அதன் சொந்தக்காரர்களும் வயதானவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள். தூக்கிப் போடுங்கள் என்று அண்ணன் யாரிடமும் சொன்னதில்லை. தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கிற சாப்ட்வேரை அதில் ஏற்றிக் கொடுப்பார். புது சாப்ட்வேர் பழைய விண்டோஸில் ஏறாது என்பதால் ஏறக்கூடிய பழைய பதிப்புகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பார். பிறகு அந்தப் பிள்ளைகள் சிட்னியிலிருந்தோ லண்டனிலிருந்தோ அப்பாவின் ஈமெயிலைத் திறந்து, கிளினிக் தேதியைப் பார்த்து, பில்லைக் கட்டிவிடலாம். ஏதாவது ரோசாக் ஆனால் அண்ணன் கடையில் உட்கார்ந்தபடியே சரிசெய்துவிடுவார்.

அவர் திரையில் பதினான்கு பெயர் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் ஓடினால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. நின்றுபோனால் சாம்பல். காலையில் கடை திறந்ததும் தே தாரேக் குடிப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்.

"என்னண்ணே, எல்லாப் பிள்ளைங்களும் ஸ்கூலுக்கு வந்தாச்சா?" என்று கிண்டல் செய்வேன்.

"ஒருத்தர் மட்டும் ஆப்சென்ட் லா" என்பார். அந்த ஒருத்தர் பெரும்பாலும் ஸ்கந்தராஜா அங்கிள்தான்.

ஸ்கந்தராஜா அங்கிள் நில அளவை இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து மனிதர். மனைவி அம்பிகை இறந்தபின் தனியாகத்தான் இருந்தார். ஒரே மகள் மாதுமை பெர்த்தில். கோயில் சங்கத்துக் கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்வதற்காகவே அந்தப் பழைய கம்ப்யூட்டரை வைத்திருந்தார். வானம் லேசாக உறுமினால் போதும், எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். எங்கள் பேராக் மாநிலத்தில் இதைச் செய்யாத வீடு கிடையாது. இங்கே விழுகிற இடிக்கு டிவி, மோடம், பிரிட்ஜ் என்று பறிகொடுக்காதவர்கள் யார்? ஆனால் அங்கிள் பிடுங்கினால் அதைத் திரும்ப மாட்ட மறந்துபோவார். போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி செத்துக் கிடந்ததால், பிடுங்கும்போதெல்லாம் கம்ப்யூட்டரின் தேதி 2009க்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் சாப்ட்வேர் இணைப்புக் கொடுக்காது. பெர்த்தில் மாதுமைக்குச் சாம்பல் புள்ளிதான் தெரியும். அப்பாவுக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போய் அண்ணனைக் கூப்பிடுவாள்.

அண்ணன் பேட்டரியை மாற்றினார். கரண்டு வந்ததும் தானாக ஓடும்படி வைத்தார். மின்னலைத் தாங்கும் எக்ஸ்டென்ஷன் வாங்கி மாட்டி, "அங்கிள், இனிமே பிளக்க கழட்டாதீங்க. ஒண்ணும் ஆகாது" என்று கெஞ்சினார்.

"தம்பி, மின்னல் உம்மட பெட்டிக்குப் பயப்படுமோ?" என்று அங்கிள் கேட்டாராம். அடுத்த மழைக்கும் பிடுங்கினார். அதற்கடுத்த மழைக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி சுமாருக்கு மாதுமை கூப்பிட்டாள். அண்ணன் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டார். எனக்கும் கேட்டது.

"அண்ணை, அப்பா போன் எடுக்கிறார் இல்லை. மூண்டு தரம் அடிச்சிட்டன்."

அண்ணன் பட்டியலைப் பார்த்தார். பச்சை. உடனே சாப்ட்வேர் வழியாக அதற்குள் போனார். அங்கிளின் திரை எங்கள் கடையில் விரிந்தது. கூட்டக் குறிப்பு பாதியில் நின்றிருந்தது. அண்ணன் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் நல்லா ஓடுதும்மா. டைப் பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. குளிக்கப் போயிருப்பாரு."

"ஒருக்காப் போய்ப் பார்க்க ஏலுமோ அண்ணை?"

"எதுக்கும்மா? நான் இங்கேருந்தே பார்த்துட்டேனே."

நான் சும்மா இருந்திருக்கலாம். முன்னாலிருந்து குரல் கொடுத்தேன்: "பச்சை எரியுதுல்ல, ஆளு நல்லாத்தான் இருக்காருன்னு சொல்லுங்கண்ணே." அந்த வாயை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. அங்கிள் வீடு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம்.

நாலு மணிக்கு மலைப்பக்கமிருந்து மழை வந்தது. இடி என்றால் அப்படியொரு இடி, போட்டோகாப்பி மெஷினை நானே அணைத்துவிட்டேன். அண்ணன் பட்டியலில் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பலாகின. ஈப்போ முழுக்கக் கிழடுகள் எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்குகிறார்கள் என்று அண்ணன் சிரித்தார். பதின்மூன்று பெயரும் போயின. ஸ்கந்தராஜா அங்கிள் பெயர் மட்டும் பச்சையாக நின்றது.

"புனிதா, இங்க வந்து பாரு! மனுஷன் கடைசியில நம்ம பேச்சக் கேட்டுட்டாரு. இந்த இடியிலயும் கழட்டல. பாகுஸ் லா!"

அவ்வளவு சந்தோஷத்தில் அவரைப் பார்த்ததே இல்லை. திரையைப் போட்டோ எடுத்து, 'அப்பா திருந்திட்டாரு' என்று எழுதி மாதுமைக்கு அனுப்பினார். அவள் ஒரு இதயப் படம் அனுப்பினாள்.

சனிக்கிழமை காலையிலும் பச்சை. வழக்கம்போல் கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அண்ணன் நாற்காலியில் உட்காரவே இல்லை. திரையையே பார்த்தபடி நின்றார்.

"புனிதா, அந்த மனுஷன் கழட்டாம இருக்கமாட்டாரு" என்றார். "கழட்ட முடியாமத்தான் இருந்திருக்காரு."

ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் ஓடினார்.

கதவு உள்ளே பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மகேந்திரனும் அவரும் சேர்ந்து ஜன்னலை உடைத்தார்கள். சமையலறை வாசலில் அங்கிள் விழுந்து கிடந்தார். பக்கவாதம். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், நேற்று மதியமே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே அங்கிள் போய்விட்டார். மாதுமை ஏறிய விமானம் அப்போது பாதி வழியில் இருந்தது.

காரியங்கள் முடிந்து ஐந்தாம் நாள் அவள் கடைக்கு வந்தாள். காரில் அப்பாவின் கம்ப்யூட்டர். பத்திரங்களையும் படங்களையும் எடுத்துத் தரச் சொன்னாள். அண்ணன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. நான் நாற்காலி போட்டேன். அவள் அண்ணனுக்கு நன்றி சொன்னாள். நீங்கள் போயிராவிட்டால் இன்னும் எத்தனை நாள் கிடந்திருப்பாரோ என்றாள். அதைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு கேட்டாள்: "அப்பா எத்தினை மணிக்கு விழுந்தவர் எண்டு இதில பார்க்கலாமோ அண்ணை?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவளுக்கு அந்தப் பதிவுகளைத் திறக்கத் தெரியாது. டாக்டர் சொன்னதும் அவளுக்கு முழுசாகத் தெரியாது. அவள் தோளுக்கு மேலாக நான் அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினேன். தெரியாதுன்னு சொல்லுங்க, புண்ணியமாப் போகும், சொல்லுங்க. என் பார்வை அவருக்குப் புரிந்தது. புரிந்தும் கம்ப்யூட்டரை ஓட விட்டார்.

கூட்டக் குறிப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்டது வெள்ளிக்கிழமை 1.38. அதன்பின் ஒரு எழுத்தும் விழவில்லை. அடுத்த பதிவு 2.15க்கு. வெளியிலிருந்து ஒரு இணைப்பு, நாலு நிமிஷம்.

"இது ஆர்?" என்றாள்.

"நான்தான்மா."

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குத் தாங்க முடிந்திருக்கும். தன் போனை எடுத்து, அண்ணன் அனுப்பிய படத்தைத் தேடித் திறந்து மேசையில் வைத்தாள்.

"அப்பாவின்ர மேசையிலயிருந்து குசினி வாசலுக்கு எவ்வளவு தூரம் அண்ணை?"

"எட்டடி இருக்கும்."

"அப்ப நீங்கள் அப்பாவுக்குப் பக்கத்திலதான் இருந்திருக்கிறீங்கள்."

"ஆமாம்மா" என்றார் அண்ணன். "இருந்தேன்."